எதை இறக்கிவைப்பது?

சித்தப்பா வீட்டுப் பரணிலிருந்து அந்த மடிக்கணினியை இறக்கியபோது மூடியிலிருந்த அரசு முத்திரை பாதி தேய்ந்திருந்தது. தம்பி பிளஸ் டூ படிக்கும்போது, 2012ல், பள்ளியில் கொடுத்தது. ஒருநாள் தறிக்குழிக்குள் விழுந்தது; அத்தோடு ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புது டிஸ்க்குக்குச் செலவு செய்ய யாருக்கும் மனசு வரவில்லை. இப்போது தங்கச்சி கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள்.

"அண்ணா, இது இனிமே தேறுமா?"

"டிஸ்க் இல்லாமலே ஓட்டலாம்மா. ஒரு பென்டிரைவ் குடு."

"அதுல என் பாட்டெல்லாம் இருக்கு."

பாட்டுகளுக்கு வேறு இடம் பார்த்தோம்.

அந்த மடிக்கணினித் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில். அதில் வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. பாஸ், சி-டாக்கின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. அதாவது தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் லட்சக்கணக்கில் லினக்ஸ் நுழைந்த வருடங்கள் அவை. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். தம்பியைக் கேட்டால், "ஆமா, ஆன் பண்ணும்போது ரெண்டு வரி வரும், நான் மேல இருக்கறத அமுக்கிடுவேன்" என்கிறான்.

டிஸ்க்கைத் தொடாமல் கணினியை ஓட்டும் பழக்கத்தை ஊரறியச் செய்தது நாப்பிக்ஸ். ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000ல் வெளியிட்டது. 700 எம்பி சிடிக்குள் சுமார் 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி அடைத்து, தேவைப்படும் துண்டை மட்டும் ஓடும்போதே விரித்துக்கொள்ளும். நான் கல்லூரியில் படித்தபோது உபுண்டுகாரர்கள் கேட்டவர்க்கெல்லாம் சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். மாகறலுக்கு வெளிநாட்டிலிருந்து உறை வந்ததில் தபால்காரருக்கே பெருமை.

பிறகு சுருக்குவதே ஒரு போட்டியானது. டேம் ஸ்மால் லினக்ஸ், விசிட்டிங் கார்டு அளவு சிடியில் அடங்கவேண்டுமென்று 50 எம்பி என்ற எல்லையை வைத்துக்கொண்டது. அதில் வேலை செய்த ராபர்ட் ஷிங்கிள்டெக்கர் பின்னர் டைனி கோரை ஆரம்பித்தார். கறுப்புத் திரை மட்டும் போதுமென்றால் 20 எம்பிக்கும் குறைவு. அதே டேம் ஸ்மால் லினக்ஸ் 2024ல் மறுபடி வந்தபோது எல்லை 700 எம்பி ஆகியிருந்தது. காரணம் பிரவுசர்தான். கணினிகள் பழையவையாகவே இருக்கின்றன, இணையப் பக்கங்கள் மட்டும் பருத்துக்கொண்டே போகின்றன.

எனக்குப் பிடித்தது பப்பி. ஆஸ்திரேலியாவின் பேரி காலர் 2003ல் தொடங்கியது. பெயர் அவர் வளர்த்த நாய்க்குட்டியிலிருந்து வந்தது. முழுக்க ரேமுக்குள் ஏறிக்கொள்ளும். பென்டிரைவில் அடிக்கடி எழுதினால் அது சீக்கிரம் தேயும் என்பதால், செய்த மாற்றங்களை ரேமிலேயே வைத்திருந்து அவ்வப்போதும் அணைக்கும்போதும்தான் எழுதும். 2 ஜிபி ரேமில் பறந்தது. தங்கச்சி அசந்துபோய்விட்டாள்.

அடுத்த நிமிடம் கல்லூரிப் பக்கத்தைத் திறந்தாள். தமிழ் எழுத்துகள் வரவேண்டிய இடமெல்லாம் கட்டம் கட்டமாக நின்றது.

இதில்தான் எனக்குக் கோபம். எடை குறைப்பது என்றால் எதையாவது இறக்கிவைப்பது. எதை இறக்கிவைக்கலாம் என்று முடிவு செய்பவர் வேறொரு தேசத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்ணுக்கு முதலில் தெரியும் சுமை நம் எழுத்து. லோகித் தமிழ் எழுத்துரு எவ்வளவு பெரியது? சில நூறு கேபிக்குள்தான். ஒரு வால்பேப்பர் படத்தைவிடச் சின்னது. படம் இருந்தது, எழுத்து இல்லை. அவரைத் திட்டவும் முடியாது: இலவசமாகக் கொடுக்கிறார், நாம் போய்க் கேட்டதில்லை.

எழுத்துருவைப் போட்டேன். தமிழ்99 லினக்ஸின் விசைப்பலகைப் பட்டியலிலேயே இருக்கிறது, ஒரு கட்டளையில் வந்துவிட்டது. எல்லாம் சரியானது என்று சென்னைக்குப் பஸ் ஏறினேன்.

இரண்டு நாளில் போன். "அண்ணா, கரண்ட் போச்சு. அடிச்சதெல்லாம் போச்சு."

பேட்டரி என்றைக்கோ செத்தது என்பதை நான் மறந்திருந்தேன். பென்டிரைவைக் காப்பாற்றும் அந்த ரேம் தந்திரமே அவளுடைய இருபது நிமிட எழுத்தைத் தின்றுவிட்டது. சென்னையில் யுபிஎஸ் போட்ட மேசையில் உட்கார்ந்து வேகத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தவன் நான். எங்கோ உட்கார்ந்து முடிவு செய்கிறவர் என்று மேலே யாரையோ சொன்னேனே!

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போய் ஆன்டிஎக்ஸுக்கு மாற்றினேன். கிரீஸின் தெசலோனிகியிலிருந்து, சொந்தப் பெயர் சொல்லாத ஒருவர் 2007 முதல் நடத்துவது. இதுவும் டெபியன் வழிதான். மாற்றங்களை ரேமில் வைக்கலாமா, உடனுக்குடன் பென்டிரைவில் எழுதலாமா என்று நம்மிடமே கேட்கும். உடனுக்குடன் என்றேன். வேகம் குறைந்தது, பென்டிரைவின் ஆயுளும் குறையும். போகட்டும், பென்டிரைவ் வாங்கிக்கொள்ளலாம்.

மாகறலுக்குப் புதிதாக வருபவர்களை நாங்கள் செய்யாற்றங்கரைக் கோயிலுக்குத்தான் கூட்டிப்போவோம். சம்பந்தர் பாடிய தலம். திருமாகறலீஸ்வரர் உடும்பின் வால்போல மெலிந்த லிங்கம். பெரிய ஆவுடையாரை எதிர்பார்த்து வருகிறவர்கள் கொஞ்சம் குனிந்து தேடுவார்கள். அன்று அங்கே போய்விட்டுத் திரும்பும்போது தங்கச்சி பென்டிரைவை வீட்டுச் சாவிக்கொத்தில் கோத்திருந்தாள். தோழியின் கணினியிலும் சொருகிப் பார்த்தாளாம், அவளுடைய திரை, அவளுடைய கோப்பு, அப்படியே வந்ததாம்.

இப்போது அவள் கேட்பது பிரிண்டர். அது தனிக்கதை.