ஏட்டில் இல்லாத பெயர்: சாப்பாவிலிருந்து 'நல்' வரை

கொச்சித் துறைமுகத்தில் 1940களிலும் 50களிலும் ஒருவர் அன்றைய வேலைக்கு உரியவர் என்பதற்குச் சான்று 'சாப்பா' எனப்பட்ட உலோக வில்லை. தோப்பும்படி, மட்டாஞ்சேரிப் பகுதித் தொழிலாளர் திரண்டு நிற்க, கூட்டத்தினிடையே வில்லைகள் வீசப்படும்; முண்டியடித்துக் கைப்பற்றியவருக்கே அன்று கூலி. இதற்கெதிரான போராட்டத்தின்மீது 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் பறிபோயின. (ராஜீவ் ரவியின் 'துறமுகம்' திரைப்படம் இவ்வரலாற்றையே பேசுகிறது.)

வில்லை கிடைக்காதவர் எந்த ஆவணத்திலும் இடம்பெறவில்லை என்பதே ஆய்வாளர் கவனிக்க வேண்டியது. துறைமுகத் தொழிலாளரைப் பதிவுசெய்ய 1948ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. பதிவேடு வந்ததும் புதிய வினா எழுகிறது: தேடிய பெயர் ஏட்டில் இல்லையெனில் வாயிற்காவலர் என்ன செய்வார்?

கணினியின் வாயிற்காவலுக்கும் அதே வினா உண்டு. யூனிக்ஸ் இயங்குதளத்தின் கடவுச்சொல் வரலாற்றை ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் 1979இல் எழுதினர். தொடக்கத்தில் நுழைவு நிரல், பயனர்பெயர் பதிவில் இருந்தால் மட்டுமே கடவுச்சொல்லை மறையாக்கம் செய்தது. அதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே மறுமொழி விரைந்து வந்தால் அப்படியொரு பெயரே இல்லை என்று அயலார் அறிந்துகொள்ளலாம். பெயர் இருப்பினும் இல்லாவிடினும் மறையாக்கம் நடக்குமாறு நிரலைத் திருத்தினர்.

இன்மையைக் குறிக்கும் 'நல்' சுட்டியை டோனி ஹோர் 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக வகுத்தார். 2009இல் அதனைத் தமது நூறு கோடி டாலர் தவறு என்றார். 1995இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றோடு நில்லாமல் இரண்டு இன்மைகளை ஏற்றது: 'நல்', 'அன்டிஃபைன்ட்'. மோங்கோடிபியில் ஒற்றை ஆவணத்தைத் தேடிக் கிடைக்காவிடில் வருவது முன்னது. எஸ்கியூஎல் வினவலின் வெற்று அணியில் முதல் வரிசையைக் கேட்டால் வருவது பின்னது. 'நல்' மட்டும்தானா என்று கண்டிப்பாக ஒப்பிடும் நிரல் இரண்டாவதைக் கோட்டை விடும். சோதிக்காமலே கடவுச்சொல் புலத்தைத் தொட்டால் நிரல் பிழை எறியும். நோட் 15 முதல், கையாளப்படாத பிராமிஸ் நிராகரிப்பு இயல்பாகவே முழுச் செயல்முறையையும் நிறுத்திவிடும். இல்லாத ஒரு பயனர்பெயரைத் தட்டச்சு செய்து சேவையகத்தையே சாய்க்கலாம் என்பது இதன் பொருள்.

இதனினும் கொடியது ஓசையற்ற பிழை. 2020ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த கேள்விக்குறி-புள்ளிக் குறியீடு, பதிவு இல்லாதபோது பிழை எறியாமல் 'அன்டிஃபைன்ட்' தரும். கோரிக்கையிலும் கடவுச்சொல் புலம் விடுபட்டிருந்து, நேர்ச் சமன்பாட்டால் ஒப்பிட்டால் இரண்டு இன்மைகளும் சமமாகிக் கதவு திறந்துவிடும்! நேர்த்தியான குறியீடு என்று அதனைப் போற்றும் பாடநூலாசிரியர்கள் இவ்விடத்தையும் காட்டியிருக்கலாம்.

ஆகவே முதலில் உள்ளீடு சரம்தானா என்று பார்க்க வேண்டும். பதிவு கிடைக்காவிடில், முன்பே ஆக்கிவைத்த போலி பிகிரிப்ட் மறையோடு ஒப்பீட்டை நடத்தி, முடிவு எதுவாயினும் மறுத்துவிட வேண்டும். கடவுச்சொல் தவறியவருக்கும் பதிவே இல்லாதவருக்கும் செய்தி ஒன்றே: 'பயனர்பெயர் அல்லது கடவுச்சொல் தவறு'. தரவுத்தளமே எட்டாத நிலையை மட்டும் இவற்றோடு சேர்க்கலாகாது. அப்போது ஏட்டில் பெயர் இருக்கிறதா என்பதையே காவலர் பார்க்கவில்லை.