எஸ்கேப் ரோடு - ஓடாமலே போன ஓட்டம்

கொடைக்கானல் போனவர்கள் எல்லோரும் ஏரியில் படகு விட்டிருப்பார்கள், கோக்கர்ஸ் வாக்கில் நடந்திருப்பார்கள், தூண் பாறை முன்னால் நின்று போட்டோ எடுத்திருப்பார்கள். கொஞ்சம் மெனக்கெட்டவர்கள் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு பேரிஜம் ஏரி வரைக்கும் போயிருப்பார்கள். அந்தப் பாதை ஏரியோடு முடிந்துவிடவில்லை என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சோலைக்காட்டுக்கும் புல்வெளிக்கும் நடுவே அது மேற்கே போகிறது. வந்தரவு மலையை ஒட்டி 8,000 அடிக்கும் மேலே ஏறி, கேரள எல்லையைத் தொட்டு, டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறில் போய் இறங்குகிறது. இன்று அந்த வழியில் வண்டி போக முடியாது. அதன் பெயர்தான் விசித்திரம்: எஸ்கேப் ரோடு. தப்பி ஓடும் சாலை!

யார், யாரிடமிருந்து தப்பி ஓட? அதற்கு 1942-க்குப் போக வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன விஷயம். கொடைக்கானல் என்ற ஊரே தப்பி ஓடியவர்கள் கட்டியதுதான். 1834-ல் மதுரையில் ஊழியம் தொடங்கிய அமெரிக்க மிஷனரிகளின் குடும்பங்களில் காலராவும் காய்ச்சலும் பலரைக் கொண்டுபோயின. முதலில் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. 1845-ல் பழனி மலைமேல் இரண்டு வீடுகள் எழும்பின. ஊர் அப்படித்தான் ஆரம்பித்தது. அன்றைக்குக் கோடைப் பயணம் என்றால் குடும்பம் குடும்பமாக மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் வந்து சேர்வது. அங்கிருந்து மலைப்பாதையில் சிலர் குதிரையில், சிலர் நடந்து, பெண்களும் குழந்தைகளும் டோலியிலும் நாற்காலியிலும். தூக்கியது நம் ஊர்க் கூலியாட்கள். அந்தப் பாதைக்கே 'கூலி காட்' என்றுதான் பெயர். மோட்டார் வண்டி மேலே ஏறுவதற்கு முதல் உலகப் போர்க்காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, 1942-க்கு வருவோம்.

பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-ல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. மார்ச் 23-ல் அந்தமான். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பில் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. 9-ம் தேதி திரிகோணமலை. வரிசையைப் பார்த்தால் அடுத்தது சென்னைதான் என்று யாருக்கும் தோன்றும். அரசாங்கமே 'அவசியம் இல்லாதவர்கள் ஊரை விட்டுப் போங்கள்' என்று சொல்லிவிட்டது. ரயில் ரயிலாகச் சென்னை காலியானது. சுண்டல் விற்றவரிலிருந்து ஹைகோர்ட் வக்கீல் வரை அவரவர் சொந்த ஊருக்கு மூட்டை கட்டினார்கள்.

வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குச் சொந்த ஊர் கடலுக்கு அப்பால். கிழக்குக் கரையில் ஜப்பான்காரன் இறங்கினால், மேற்குக் கரையில் கொச்சித் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். சமவெளியின் பெரிய சாலைகளை எதிரி முதலில் பிடிப்பான், விமானமும் அவற்றைத்தான் குறிவைக்கும். மலை வழியே போனால்? சென்னையிலிருந்து கொடைக்கானல், அங்கிருந்து மலை உச்சியோடே மூணாறு, அப்படியே இறங்கினால் கொச்சி. வரைபடத்தில் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஏற்கெனவே இருந்த பாதையை ராணுவம் வண்டிகள் போகும்படி சீர்செய்தது. மூணாறுப் பக்கம் தேயிலைத் தோட்டக் கம்பெனிகள் போட்ட வழிகள் தயாராக இருந்தன. டாப் ஸ்டேஷன் என்ற பெயரே அங்கிருந்து ரோப்வேயில் தேயிலைப் பெட்டிகளைக் கீழே கொட்டகுடிப் பக்கம் இறக்கியதால் வந்தது. மூணாற்றிலிருந்து அதுவரை குட்டி ரயில் கூட ஓடியது, 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது.

காகிதத்தில் எளிது, ஓட்டுகிறவனுக்குத்தான் கஷ்டம் தெரியும். அரபு நாடுகளில் மணல் மேட்டைக் கடக்கிறவர்கள் தனியாகப் போக மாட்டார்கள், நாலைந்து வண்டி வரிசையாகப் போகும். ஒன்று புதைந்தால் மற்றொன்று கயிறு கட்டி இழுக்கும். மலைச் சேறும் மணலுக்குச் சளைத்ததல்ல. பருவமழையில் மண் சரியும், மரம் குறுக்கே விழும், வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது. நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் 1941-ல்தான் அமெரிக்கத் தொழிற்சாலையிலிருந்து வர ஆரம்பித்தது, அதுவும் ராணுவத்துக்கு. நம் நாட்டில் மஹிந்திரா ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது 1947-ல். ஆகவே 1942-ல் ஒரு குடும்பம் இந்தச் சாலையில் ஓடியிருந்தால் சாதாரணக் காரில்தான் ஓடியிருக்கும். பெட்ரோலுக்கோ ரேஷன். பஸ்கள் பின்னால் அடுப்பு கட்டிக்கொண்டு கரி வாயுவில் ஓடிய காலம் அது. கரி பஸ் மேட்டில் ஏறுவதைப் பற்றி நம் தாத்தாக்களிடம் கேட்டால் ஒரு மணி நேரம் சிரிப்பார்கள். குழந்தைகளும் பெட்டிகளுமாக ஒரு கான்வாய் வந்தரவு ஏற்றத்தில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கான்வாய் புறப்படவே இல்லை. ஜப்பானியக் கப்பற்படை வங்காள விரிகுடாவிலிருந்து திரும்பிப் போனது. ஜூனில் மிட்வே சண்டையில் நான்கு விமானம் தாங்கிக் கப்பல்களை இழந்தது. பிறகு தென்னிந்தியாவில் இறங்கும் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

ஆனால் அதே ஆண்டு, அதே மாதங்களில், உண்மையாகவே ஒரு பெரிய ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. ஓடியவர்கள் நம் ஆட்கள்! 1931 கணக்குப்படி பர்மாவில் இருந்த இந்தியர்கள் சுமார் 10 லட்சம். கூலிகள், குமாஸ்தாக்கள், வட்டிக்கடை வைத்த நகரத்தார், இப்படித் தமிழர்கள் ஏராளம். 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்ததும் ஓட ஆரம்பித்தார்கள். காசு இருந்தவர்களுக்குக் கப்பல் கிடைத்தது. மற்றவர்கள் அரக்கான் மலை வழியே சிட்டகாங்குக்கும், தமு வழியே மணிப்பூருக்கும், இன்னும் வடக்கே ஹுகாங் பள்ளத்தாக்கு வழியே அசாமுக்கும் நடந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் நடந்தார்கள். பல்லாயிரம் பேர் பசியிலும் காலராவிலும் மலேரியாவிலும் வழியிலேயே விழுந்தார்கள். வெள்ளையருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்று பிரித்து நடத்தினார்கள் என்று காங்கிரஸ் தலைவர்கள் அப்போதே குற்றம் சாட்டினார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவேளை ஆபத்து வந்தால் என்று ஒரு கூட்டத்துக்காக மலையில் சாலை தயாராகிறது. ஆபத்து தலைமேலே விழுந்துவிட்ட கூட்டத்துக்குச் சேறும் அட்டையும்தான் வழி. கொடைக்கானல் சரித்திரம் எழுதுகிறவர்கள் எஸ்கேப் ரோட்டை ஒரு சுவாரசியமான துணுக்காகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பர்மா நடைப் பயணத்தை அதோடு சேர்த்துச் சொல்வதில்லை.

போர் முடிந்தபின் சாலைக்கு வேறு வாழ்க்கை கிடைத்தது. ஜீப் வைத்திருந்தவர்கள் மூணாறுக்கும் கொடைக்கானலுக்கும் இதில் போய் வந்தார்கள். ஆனால் 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரித்தபோது, தமிழர்கள் போராடியும் தேவிகுளம், பீர்மேடு கேரளத்தோடு சேர்ந்தன. ஒரே அரசாங்கம் போட்ட சாலை இரண்டு அரசாங்கங்களின் எல்லைக் கோட்டில் மாட்டிக்கொண்டது. யார் பழுது பார்ப்பது, யார் காவல் வைப்பது? தகராறு நீண்டு 1990-ல் சாலையை மூடிவிட்டார்கள்.

திறக்க வேண்டும் என்று அவ்வப்போது குரல் எழும். மலை மேல் கடைசியில் இருக்கும் கிளாவரை போன்ற கிராமங்களில் பூண்டும் காரட்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் வட்டவடையிலும் அதே பயிர், பேச்சும் பெரும்பாலும் தமிழ்தான். அவர்களுக்கு இது சுற்றுலா விஷயம் இல்லை, சந்தை விஷயம், கல்யாணம் கருமாதி விஷயம். எதிர்ப்பக்கத்தில் காடு நிற்கிறது. கேரளம் 2003-ல் பாம்பாடும் சோலையைத் தேசியப் பூங்காவாக்கியது, 2006-ல் குறிஞ்சிமலை சரணாலயத்தை அறிவித்தது. தமிழ்நாடு 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்தை அறிவித்தது, சுமார் 609 சதுர கிலோமீட்டர். யானையும் காட்டெருமையும் நடமாடும் இடத்தில் சீசன் நேரத்துக் கார்களை விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு, கொடைக்கானல் ஏரியைச் சுற்றி மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தால் போதும். கிராமத்து ஜனங்களுக்கு மட்டும் ஒரு ஜீப் வழி விடலாமா என்று கேட்டால், அதற்கு இரண்டு மாநிலமும் உட்கார்ந்து பேச வேண்டும்.

அதுவரை கொடைக்கானலிலிருந்து மூணாறு போகிறவர் மலையை விட்டுக் கீழே இறங்கி, பெரியகுளம், தேனி, போடி என்று சுற்றி, போடிமெட்டில் மறுபடி ஏறிப் போகிறார். 150 கிலோமீட்டருக்கு மேல்.