நியோமோஷன்

நியோமோஷன், சென்னையில் இயங்கும் சக்கர நாற்காலி உற்பத்தி நிறுவனம். சென்னை ஐஐடியின் ஆய்வுக்கூடத்தில் உருவான வடிவமைப்புகளைச் சந்தைக்குக் கொண்டுவருவதற்காக, அங்கு இயந்திரப் பொறியியல் பேராசிரியரான சுஜாதா சீனிவாசனும் அதே கல்விக்கூடத்தில் பயின்ற இளைஞர் சுவஸ்திக் சௌரவ் தாஷும் இணைந்து இதை உருவாக்கினர். பயனரின் உடல் அளவுக்கேற்ற ‘நியோஃப்ளை’ சக்கர நாற்காலியும், அதன் முன்புறம் பொருத்தும் ‘நியோபோல்ட்’ மின் இணைப்பும் 2021இல் அறிமுகமாயின.

பின்னணி

உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 250 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதேனும் ஓர் உதவிக் கருவி தேவை. அவர்களில் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது கிட்டுவதில்லை. கிடைக்கும் கருவியும் பொருந்துவதில்லை என்பது இன்னொரு சிக்கல். இந்தியாவில் பரவலாகப் புழங்குவது மருத்துவமனைகளில் நோயாளியைத் தள்ளிச்செல்லும் மடக்கு நாற்காலி. எல்லோருக்கும் ஒரே அளவாக வரும் அதில் நாள்முழுதும் உட்கார்பவருக்கு முதுகு வளையும், தோள் வலிக்கும், அழுத்தப்புண் உண்டாகும்.

இத்தகைய குறைகளுக்குத் தீர்வு காண ஐஐடியில் இயங்குவது, ஆர்2டி2 எனப்படும் டிடிகே மறுவாழ்வு ஆய்வு மற்றும் கருவி உருவாக்க மையம். சுஜாதா சீனிவாசன் தலைமையிலான இம்மையம், அமர்ந்திருப்பவர் பிறர் துணையின்றி எழுந்து நிற்க உதவும் ‘அரைஸ்’ நாற்காலியை வடிவமைத்தது. வெல்கம் அறக்கட்டளையின் நிதியுதவியுடன், சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரித்த இந்நாற்காலி 2019 நவம்பரில் வெளியானது. அப்போது அதன் விலை சுமார் 15,000 ரூபாய்.

நியோஃப்ளை

சக்கர நாற்காலியைக் கையால் ஓட்டும் உழைப்பு, பின்சக்கர அச்சு எங்கே அமைகிறது என்பதைப் பெரிதும் சார்ந்தது. அச்சு சற்று முன்னே வந்தால் கை எட்டும் தூரம் கூடும், தள்ளும் பாடு குறையும். மிகவும் முன்னே வந்தால் வண்டி பின்னால் சாயும். இருக்கையின் அகலம், முதுகுச்சாய்வின் உயரம், கால்தாங்கியின் நீளம் ஆகியவையும் ஆளுக்கு ஆள் மாறும். நியோஃப்ளையில் இவ்வாறு 18 அம்சங்களைப் பயனருக்கேற்ப அமைக்கலாம்.

நியோபோல்ட்

நியோபோல்ட் என்பது லித்தியம் அயனி மின்கலத்தில் ஓடும் முன்சக்கரப் பகுதி. நாற்காலியோடு பூட்டினால் அது முச்சக்கர வண்டியாகிறது. அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். ஒருமுறை மின்னேற்றினால் 25 கிலோமீட்டர் வரை செல்லும். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் பலர் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஓட்டுகின்றனர். நாற்காலியிலிருந்து அதற்கு மாறி ஏறவேண்டும். இறங்கும் இடத்தில் இன்னொரு நாற்காலி இருந்தாக வேண்டும். நியோபோல்ட்டில் இந்த இரண்டும் தேவையில்லை. சேருமிடத்தில் முன்பகுதியைக் கழற்றிவிட்டு அதே நாற்காலியில் உள்ளே போகலாம்.

சொமேட்டோ பணியாளர் ஒருவர் சென்னையில் இந்த வண்டியில் உணவு கொண்டுசெல்லும் காணொளி 2022இல் பரவலாகப் பகிரப்பட்டது.

விலை

அறிமுகத்தின்போது நியோஃப்ளையின் விலை 39,900 ரூபாய், நியோபோல்ட்டின் விலை 55,000 ரூபாய். இதே வசதிகள் கொண்ட வெளிநாட்டுத் தயாரிப்புகளைவிட இது பல மடங்கு குறைவு. ஆனால், சாதாரண மடக்கு நாற்காலியைவிடப் பல மடங்கு அதிகம். எனவே ‘மலிவு’ என்பது எதனுடன் ஒப்பிடுகிறோம், யார் பணம் கட்டுகிறார் என்பவற்றைப் பொறுத்தது. இந்தியாவில் வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி வழங்க ‘அடிப்’ என்ற நடுவண் அரசுத் திட்டம் 1981 முதல் நடப்பில் உள்ளது. கான்பூரின் அலிம்கோ இதற்கான முதன்மை அரசு உற்பத்தி நிறுவனம்.

மலேசியாவில் இச்செலவு வேறு வழிகளில் பகிரப்படுகிறது. பணியிட விபத்தில் உறுப்பிழந்த காப்புறுதியாளருக்குச் சக்கர நாற்காலி, செயற்கை உறுப்பு ஆகியவற்றைச் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் வழங்குகிறது. மற்றவர்கள் ஓகேயு எனப்படும் மாற்றுத்திறனாளி அட்டை பெற்றுச் சமூகநல இலாகாவின் கருவி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அங்கு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் இயற்றப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை நாடு 2010இல் ஏற்புறுதி செய்தது.

ஒத்த முயற்சிகள்

சென்னையில் இதற்கு முன்னோடி ‘அவாஸ்’. பேச இயலாத குழந்தைகள் படங்களைத் தொட்டு வாக்கியம் அமைத்துக் குரலாக ஒலிக்கச் செய்யும் இக்கருவியை, ஐஐடியில் பயின்ற அஜித் நாராயணன், வித்யாசாகர் தொண்டு நிறுவனத்தின் துணையுடன் உருவாக்கினார். 2011இல் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூவின் இளம் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் இடம்பெற்றார். தனிக்கருவியாகத் தொடங்கிய அவாஸ் பின்னர் டேப்லெட் செயலியாக மாறியதால், தனி வன்பொருளுக்கான செலவு நீங்கியது.