நெல்லைத் திறந்துவிட்ட ராஜாஜி

செஞ்சிக் கோட்டைக்குள்ள இருக்கிற நெற்களஞ்சியத்தைப் பார்த்திருப்பீங்க. தடிச்ச சுவர், வளைவுக் கூரை. 1698 வரைக்கும் எட்டு வருஷம் முகலாயர் முற்றுகையைத் தாங்கின ஊர் இது. நெல்லு ஆட்சியாளர் கையில இருக்கணும்கிறது இங்க உயிர்ப் பிரச்சினை.

இரண்டாம் உலகப் போர்ல வந்த ரேஷனுக்கும் அதே நியாயம்தான். ஆனா போர் முடிஞ்சும் அது போகலை. 1952 ஏப்ரல்ல சென்னை மாநில முதலமைச்சரான ராஜாஜி, ஜூன்லயே உணவுக் கட்டுப்பாட்டைத் தூக்கிட்டார். விலை எகிறும்னு பலர் பயந்தாங்க. பூட்டி வெக்கிறதாலதான் பதுக்கலே நடக்குதுன்னு அவர் நம்பினார். அரிசி கடைக்கு வந்துச்சு. மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாயும் அதே வழியில போனார். 1959ல சுதந்திராக் கட்சி ஆரம்பிச்சு, ‘லைசென்ஸ், பெர்மிட் ராஜ்’னு நேரு அரசைச் சாடினாரே, அதுக்கு இதுதான் ஒத்திகைன்னு நான் நினைக்கிறேன்.

இன்னொரு ராஜாஜியும் இருக்கார். 1937ல சேலத்துல மதுவிலக்கு கொண்டுவந்தார். கள்ளு, சாராய வருமானம் போச்சு. ஈடுகட்ட 1939ல பொது விற்பனை வரி போட்டார். நம்ம ஜிஎஸ்டி பில்லோட கொள்ளுத்தாத்தா அது! சாராயக் கடையை மூடப் பிறந்த வரி. ஆனா டாஸ்மாக் பாட்டில் ஜிஎஸ்டிக்குள்ள வராது. அதுக்கு மாநில அரசே தனியா வாட் வசூலிக்குது.