மடிக்கணினியின்றி எண்ணிம ஒளிப்படக் காப்பு

மடிக்கணினியின்றி எண்ணிம ஒளிப்படக் காப்பு என்பது, பயணத்தில் எடுக்கப்படும் ஒளிப்படங்களைப் படக்கருவியின் நினைவட்டையிலிருந்து வேறொரு சேமிப்பகத்திற்கு நேரடியாகப் படியெடுத்து வைப்பதாகும். ஒரே கோப்பு தனித்தனியான இரு சேமிப்பகங்களில் இருந்தால்தான் அது காப்பு எனப்படும். படங்களை வன்தட்டிற்கு அனுப்பிவிட்டு அட்டையை அழிப்பது வெறும் இடமாற்றமே. பயணிகள் பலர் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

வரலாறு

2000களின் தொடக்கத்தில் நினைவட்டைகள் விலை மிகுந்தவையாக இருந்தன. படமொன்று 2.5 மெகாபைட் எனக் கொண்டால், 128 மெகாபைட் அட்டையில் ஏறத்தாழ 50 படங்களே அடங்கும். எனவே அட்டையைக் காலி செய்வதே அன்றைய முதல் தேவையாக இருந்தது. இணைய மையங்களிலும் ஒளிப்படக் கடைகளிலும் படங்கள் 700 மெகாபைட் குறுவட்டில் எழுதித் தரப்பட்டன. வட்டைத் திறந்து பாராமல் அட்டையை அழித்தவர்கள், வட்டு பழுது என்பதை ஊர் திரும்பிய பின் அறிய நேர்ந்ததும் உண்டு.

பின்னர் அட்டைச் செருகுவாய் கொண்ட கையடக்க வன்தட்டுகள் வந்தன. 2004 இல் வெளியான எப்சான் பி-2000, 40 கிகாபைட் வன்தட்டும் படங்களைப் பார்க்க வண்ணத்திரையும் கொண்டிருந்தது. ஐபாடில் படங்களைச் சேமிக்க உதவும் இணைப்பியை ஆப்பிள் 2005 இல் வெளியிட்டது.

திறன்பேசி வழி

யுஎஸ்பி ஓடிஜி வசதியுள்ள ஆண்ட்ராய்டு பேசிகளில் அட்டைப் படிப்பானை இணைத்துக் கோப்புகளைப் படியெடுக்கலாம். ஐபோனில் வெளிச் சேமிப்பகங்களைக் கோப்புச் செயலி வழியே கையாளும் வசதி 2019 இல் ஐஓஎஸ் 13 உடன் வந்தது. சுழலும் வன்தட்டிற்குப் பேசியின் மின்சாரம் போதாமற் போகலாம். எஸ்எஸ்டி இதற்கு ஏற்றது. அது அதிர்ச்சியையும் நன்கு தாங்கும்.

பெயர் மோதல்

படக்கருவிகள் கோப்புகளுக்கு 0001 முதல் 9999 வரையே எண்ணிடுகின்றன. அதன்பின் எண் மீண்டும் தொடக்கத்திற்கு வரும். ஒரே நிறுவனத்தின் இரு கருவிகளைப் பயன்படுத்தினாலும் ஒரே பெயருள்ள கோப்புகள் உருவாகலாம். அவற்றை ஒரே கோப்புறையில் இட்டு, "மாற்றிடவா?" என்ற கேள்விக்கு ஆம் என்றால் பழைய படம் அழிந்துவிடும். நாளுக்கும் அட்டைக்கும் தனித்தனிக் கோப்புறை அமைப்பதே இதற்குத் தீர்வு.

சரிபார்த்தல்

கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் அட்டையுடன் ஒப்பிட வேண்டும். சிறுபடம் தெரிவதை மட்டும் நம்பலாகாது. பல கோப்புகளில் சிறுபடம் தனியே பொதிந்திருப்பதால், முதன்மைப் படம் சிதைந்திருந்தாலும் அது ஒழுங்காகத் தோன்றும். சில படங்களையேனும் முழு அளவில் பெரிதாக்கிப் பார்ப்பது அவசியம்.

இணையச் சேமிப்பு

மூலவடிவப் படமொன்று 25 மெகாபைட் எனில், 300 படங்கள் 7.5 கிகாபைட் ஆகும். நொடிக்கு 10 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் இதற்கு 1 மணி 40 நிமிடம் தேவை. விடுதி இணைப்புகள் பலவற்றில் இவ்வேகம் கிடைப்பது அரிது. ஆகவே தேர்ந்தெடுத்த ஜேபெக் படங்களை மட்டும் ஏற்றுவது நடைமுறைக்கு உகந்தது. ஒத்திசைவுச் சேவைகளில் பேசியில் அழிக்கும் படம் இணையத்திலிருந்தும் நீங்கக்கூடும்.

பிரித்து வைத்தல்

படக்கருவியும் காப்பு வட்டும் ஒரே பையில் இருந்தால், பை களவு போகும்போது இரண்டும் சேர்ந்தே போய்விடும். நினைவட்டைகள் இன்று மலிவாகிவிட்டதால், நிரம்பிய அட்டைகளை அழிக்காமல் உடலோடு ஒட்டிய பையில் வைத்து, வட்டைப் பயணப்பெட்டியில் வைப்பது எளிய வழியாகும்.