உறுதிப் பெட்டி: வன்னி முஸ்லிம் குடும்ப வரலாற்றில் ஒரு மூத்த பெண்

வடபுல முஸ்லிம்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1990 ஒக்டோபரிலிருந்தே தொடங்குகின்றனர். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களிலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் வாழ்ந்த சுமார் 75,000 முஸ்லிம்கள் அம்மாதத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். புவியியல் அறிஞர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் இம்மக்களின் இழப்புகளைக் கணக்கெடுத்து எழுதினார். இவ்வெளியேற்றத்தை ஆராய்ந்த மக்கள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011இல் வெளிவந்தது. எத்தனை வீடு, எவ்வளவு நகை, எத்தனை ஏக்கர் என்ற கணக்கு இன்று நம்மிடம் ஓரளவு உண்டு. அந்தக் காணிகளைக் குடும்பத்தின் கையில் விடாமல் வைத்திருந்தவர் யார் என்ற கேள்வி மட்டும் அதிகம் கேட்கப்படவில்லை. எங்கள் குடும்பத்தில் அது உம்மம்மா.

உம்மம்மா தண்ணீரூற்றில் பிறந்தவ. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. சபையில் வாய் திறந்து பேசியதை நான் கண்டதில்லை. மூத்தாப்பா பேசுவார், உம்மம்மா சுருக்கமாக ஒரு சொல் சொல்லுவா, அடுத்த நாள் அந்தச் சொல்லே நடக்கும்.

நமது ஊர்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே வழக்கம். வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். உயிரோடு இருக்கும்போதே கொடுக்கப்படுவதால் ஷரீஅத்தின் வாரிசுப் பங்கோடு இது மோதுவதில்லை. ஆனால் வன்னியில் பெருமளவு காணி அரச காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி பெர்மிட்டில் வழங்கப்பட்டது. பெர்மிட்காரர் பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் இறந்தால் மனைவிக்குச் சீவிய உரித்து உண்டு. அதன்பின் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை மகள்மாருக்கு முன் மகன்மாரை, அவர்களிலும் மூத்தவரை வைத்தது. வழக்கம் ஒரு பக்கம், எழுதின சட்டம் மறுபக்கம். இந்த இடைவெளியில் வீடிழந்த பெண்கள் எத்தனையோ பேர்.

உம்மம்மாவுக்குச் சட்டம் தெரியாது. ஆனால் கச்சேரிக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டு விளங்கி வைத்திருந்தா. 1986இல் மூத்தாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய், இளைய மகளான சாச்சியின் பெயரைப் பின்னுரித்தாளராகப் பதிவித்தா. மாமாவுக்குக் கோபம். "ஆம்பிளப் பிள்ள எங்கயும் போய்ப் பிழைப்பான். பொம்பிளப் பிள்ள ஆற்ற வாசல்ல போய் நிக்கிறது?" என்று கேட்டாவாம். மாமாவிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.

வெளியேறும்போது அவ எடுத்தது ஒரு தகரப் பெட்டி. அதற்குள் பெர்மிட், எங்கள் உம்மாவின் சீதன உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், ஒரு குர்ஆன். நான் இன்று தமிழ் கற்பிக்கும் இந்த நெடுங்கேணி வழியாகத்தான் வவுனியாவுக்கு வந்தோம். இங்கே ஒரு தமிழ்த் தாய் குடத்தோடு தண்ணீர் கொண்டுவந்து தந்ததை உம்மம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தா. அந்தச் சனமும் பிறகு பலமுறை இடம்பெயர்ந்தது.

புத்தளத்தில் கிடுகுக் கொட்டில். அதுவரை கூலிக்குப் போகாத பெண்கள் கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டங்களுக்குப் போனார்கள். உம்மம்மாவும் போனா. 1994இல் மூத்தாப்பா வபாத்தானார். இத்தா இருக்கத் தனி அறை இல்லை. சேலையால் மறைத்துக் கட்டிய மூலையில் நான்கு மாதம் பத்து நாள் இருந்தா. அன்று சாச்சியைக் கூப்பிட்டு, "இனி நான் வெளிக்கிட மாட்டன். நிவாரண அட்டையும் பெட்டியும் உன்ர பொறுப்பு" என்றாவாம். துக்கத்திலும் பொறுப்பு கைமாறியது, அறுந்துவிடவில்லை.

2010இல் ஊர் திரும்பியபோது எல்லைக் கற்கள் காட்டுக்குள் கிடந்தன. பத்திரம் இல்லாதவர்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். சாச்சியின் பெயர் பதிவில் இருந்தது. உம்மாவின் உறுதிக் காணியை வேறொருவர் பிடித்திருந்தார். பத்தாண்டு ஆட்சி இருந்தால் உரிமை கோரலாம் என்ற பழைய ஆட்சியுரிமைச் சட்டத்துக்கு, யுத்தத்தால் வெளியேறியவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விலக்களித்தது. உறுதி கையில் இருந்ததால் பேச்சிலேயே காணி திரும்பியது.

உம்மம்மா 2017இல் வபாத்தானா. ஆண்பிள்ளைக்கு முதலிடம் தந்த அந்த அட்டவணை 2022இல் திருத்தப்பட்டது. சட்டம் அங்கே வந்துசேர்ந்தபோது, அவ 36 வருடங்களுக்கு முன்பே போய் நின்றிருந்தா.

இப்படியான மூத்தம்மாமார் தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் எருக்கலம்பிட்டியிலும் சோனகத் தெருவிலும் இருந்திருக்கிறார்கள். அவர்களுள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். வாசகர்கள் தங்கள் வீட்டில் ஒரு கேள்வியை மட்டும் கேட்டு எழுதி வைத்தால் போதும்: அன்றைக்குப் பத்திரங்களை எடுத்தது யார்? பதில்களைச் சேர்த்தால் நமது வரலாற்றின் விடுபட்ட பாதி கிடைக்கும்.