இஞ்சுத் தண்ணீர்

இஞ்சுத் தண்ணீர் என்பது சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்றின் நீர்வரத்தைச் சொல்லும் வழக்கு அளவை. மேட்டூர் அணையின் நீர்த்திறப்பைக் கன அடியில் சொல்பவர்களே தோட்டத்துப் போரை "ஒன்றரை இஞ்சு", "ரெண்டு இஞ்சு" என்கிறார்கள். நாடெங்கும் போர் போடப் போகும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களின் பேச்சிலும் இதுவே புழங்குகிறது.

இந்த இஞ்சு குழாயின் விட்டம் அல்ல. கம்ப்ரசர் காற்று வெளியே தள்ளும் நீரைச் சிறு வாய்க்காலில் திருப்பி, குறுக்கே 90 பாகை 'வி' வெட்டுள்ள தகட்டை நிறுத்துவார்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர்மட்டம் எத்தனை இஞ்சு நிற்கிறதோ, அதுதான் கணக்கு. தகட்டில் வழியும் இடத்தில் மட்டம் தாழ்ந்திருக்கும் என்பதால் சற்றுப் பின்னே, நீர் அலையாமல் நிற்கும் இடத்தில் அளப்பதே சரி. நீரளவு அந்த உயரத்தின் 2.5 அடுக்காகக் கூடுகிறது. ஒரு இஞ்சு என்றால் மணிக்குச் சுமார் 510 லிட்டர். 2 இஞ்சுக்கு 2,900. 3 இஞ்சுக்குக் கிட்டத்தட்ட 8,000. ஆகவே ஒரு இஞ்சுப் போர் ஐந்து சேர்ந்தாலும் ஒரு ரெண்டு இஞ்சுப் போருக்கு ஈடாகாது.

குழாயில் வரும் நீரைக் கணக்கிட, உள்வாயின் பரப்பை வேகத்தால் பெருக்க வேண்டும். வேகத்தை அறிய டேப் ஒன்று போதும். மட்டமாகப் படுத்த குழாய் வாய் நிறையக் கொட்டும்போது, தாரை ஓரடி கீழே இறங்கக் கால் நொடி ஆகும். அதற்குள் அது முன்னே பாய்ந்த தூரத்தின் நான்கு மடங்கே நொடிக்கான வேகம். உள்விட்டம் 2 இஞ்சுள்ள குழாயில் தாரை ஓரடி பாய்ந்தால் மணிக்குச் சுமார் 8,900 லிட்டர். 'ரெண்டு இஞ்சு' போரைப் போல மூன்று மடங்கு இது! இரண்டையும் ஒன்றென்று நம்பி மோட்டார் வாங்குபவரின் பணம்தான் வீணாகிறது.

போர்த்துளையில் நிற்கும் நீரின் கொள்ளளவைக் கணக்கிட எளிய வழி உண்டு: துளையின் விட்டத்தை இஞ்சில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 0.154-ஆல் பெருக்கினால் அடிக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும். ஆறரை இஞ்சு விட்டமுள்ள வழக்கமான போர் அடிக்கு ஆறரை லிட்டர் பிடிக்கிறது. எளிதில் நினைவில் நிற்கும் பொருத்தம். 300 அடி நீர் நின்றாலும் ஏறத்தாழ 1,960 லிட்டர்தான். மணிக்கு 8,900 லிட்டர் இறைக்கும் மோட்டார், ஊற்று ஈடுகொடுக்காவிட்டால், இதைக் கால் மணிக்குள் வற்றடித்துவிடும்.

குழாயின் விட்டம் செலவையும் தீர்மானிக்கும்: காவிரிக்கரையிலிருந்து மேட்டு நிலங்களுக்கு நீரேற்றும் நீண்ட குழாய்களில் உராய்வே பெரிய செலவு. அதே நீரைப் பாதி விட்டத்தில் அனுப்பினால் உராய்வு இழப்பு ஏறத்தாழ 29 மடங்காகும்.

சார்னோகைட்டும் நைசும் நிறைந்த இந்தக் கடும்பாறைப் பகுதியில் நீர் பாறை வெடிப்புகளில்தான் இருக்கிறது. துளையிடும் நாளில் கண்ட இஞ்சு அந்த வெடிப்புகளில் தேங்கியிருந்ததையும் சேர்த்தே காட்டும். நிலைத்த வரத்தை அறிய, பல மணி நேரம் தொடர்ந்து இறைத்து, துளையின் நீர்மட்டம் மேலும் இறங்காமல் நின்ற பிறகு 200 லிட்டர் டிரம் நிறைய ஆகும் நேரத்தைக் குறிக்க வேண்டும்.